படத்துக்குள் குசினி தேடிய மிஸ்ஸி

எந்தப் படத்தைக் காட்டினாலும் மிஸ்ஸி முதலில் தேடுவது குசினியை, சமையலறையைத்தான். வங்கியில் கொடுத்த கலண்டரில் ஒரு பனிமலை, அதன் அடியில் ஒரு மரவீடு. நாங்கள் "என்ன வடிவு" என்று வாயைப் பிளந்துகொண்டிருப்போம். அவர் கண்ணாடியை மூக்கு நுனிவரை இறக்கி, படத்துக்கு மிகக் கிட்டப் போய் நின்று விசாரணையைத் தொடங்குவார்.

"புகைக்கூடு இருக்கு. விறகை எங்கை அடுக்கி வைச்சிருக்கினம்? தண்ணிக்கு எங்கை போறது? இந்தப் பனிக்குள்ளை ஒரு பிள்ளைப்பெறு எண்டால் ஆர் வாறது?"

எங்களில் யாருக்கும் பதில் தெரியாது. பதில் இல்லாத படத்தை மிஸ்ஸி மதிப்பதுமில்லை. ஒரு "ம்" போட்டுவிட்டு அடுத்த மாதத்துத் தாளைப் புரட்டிவிடுவார்.

டேனிஷ் வகுப்பிலும் இதே கதைதான். ஆசிரியை ஒரு ஏரியின் படத்தைச் சுவரில் மாட்டி, ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். ஏரி நீலமாக இருக்கிறது என்றேன் நான். அன்னம் வெள்ளை என்றார் இன்னொருவர். மிஸ்ஸி எழுந்து, தன்னிடமிருந்த கொஞ்ச நஞ்ச டேனிஷைத் திரட்டி, "வீடு எங்கே?" என்று கேட்டார். வீடு இல்லை என்றார் ஆசிரியை. "அப்படியானால் இதை வரைந்தவர் எங்கே சாப்பிட்டார்?" ஆசிரியை சிரித்த சிரிப்பில் அவருடைய கண்மை கரைந்துவிட்டது. மிஸ்ஸி சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

மிஸ்ஸி என்பது அவருடைய பெயரில்லை. எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவமாதுகளையும் அப்படித்தான் கூப்பிடுவது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது அவருடைய உத்தியோகமாக இருந்தது. வேலிப் படலையைத் திறந்து கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள், அந்த வீட்டில் யார் வயிறாரச் சாப்பிட்டது, யார் சாப்பிடாமல் சாப்பிட்டதாகச் சொல்வது என்பதைக் கண்டுபிடித்துவிடுவாராம். அந்தக் கண் டென்மார்க்குக்கும் அவருடன் வந்துவிட்டது. இங்கே பார்க்க வீடுகள் கிடைக்கவில்லை. எல்லாக் கதவும் மூடித்தான் இருந்தன. அதனால் படங்களுக்குள் நுழையத் தொடங்கினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கோடையில் ரண்டர்ஸ் நகரில், மஞ்சள் கல்லில் கட்டிய மாடிக் குடியிருப்பு ஒன்றில் எங்களுக்கு வீடு கிடைத்தது. மிஸ்ஸியும் கணவரும் கீழ்த்தளம். நானும் என்னுடைய அவரும் இரண்டாம் மாடி. மிஸ்ஸிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உதவியாகக் கொடுத்த ஆண்களின் கோட்டு ஒன்றைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு, சேலைக்குக் கீழே பூட்ஸுடன் ஊரையே அளப்பார். கணவருக்கு ஒரு சொல் போதும். எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். அவர் காதில் விழாதபடி நாங்கள் அவரை "ஓம் அண்ணை" என்றுதான் சொல்வோம்.

நான் அப்போது ஆளோடு ஆளாக மறைந்து வாழ ஆசைப்பட்டவள். இந்த நாட்டில் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் மூடுவேன். அப்படிப்பட்டவளைத்தான் கடவுள் மிஸ்ஸிக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார். எனக்கு அவரைவிட ஒரு வருட டேனிஷ் கூட. அந்த ஒரு வருடத்தை அவர் தாராளமாகச் செலவழித்தார்.

இலையுதிர் காலத்தில் குடியிருப்பின் பொது மண்டபத்தில் பழைய சாமான் சந்தை வைப்பார்கள். குடியிருப்பவர்களே தங்களுக்கு வேண்டாதவற்றைக் கொண்டுவந்து பரப்புவார்கள். மிஸ்ஸி அங்கே ஒரு படம் வாங்கினார். படத்துக்காக இல்லை, சட்டத்துக்காக. பொன்முலாம் பூசிய தடித்த சட்டம். அவருடைய மாதா படம் ஊரிலிருந்து சுருட்டியபடி வந்து, நாலு குண்டூசியில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மாதாவைக் குண்டூசியில் நிறுத்தியிருப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. ஆணி கழற்ற என்னைக் கூப்பிட்டார். நான் குறட்டுடன் போனேன்.

மேசையில் கவிழ்த்துப் போடுமுன் மிஸ்ஸி ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டார். அதோடு காரியம் கெட்டது.

"பொறு பிள்ளை," என்றார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

அது நீர்வண்ணப் படத்தின் அச்சு. இங்கிலாந்துக் குடிசை ஒன்று. வைக்கோல் வேய்ந்த கூரை யன்னலைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருந்தது. படலையிலிருந்து வாசல்வரை ஒரு நடைபாதை. அதன் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் ஹொலிஹொக் பூக்கள். நம்முடைய செவ்வரத்தையை, செம்பருத்தியைத் தடியில் வரிசையாக ஏற்றிவிட்டது போலிருக்கும். சுவரில் ரோசா. கூரைக்கு மேல் நீலப் புகை. படலையடியில் தொப்பி கட்டிய ஒரு சிறுமி. போன நூற்றாண்டில் ஓவியர்கள் கிராமம் கிராமமாகப் போய் இப்படியான தோட்டங்களை வரைந்து, புகை பிடித்த நகரங்களில் இருந்தவர்களுக்கு விற்றார்கள் என்பதெல்லாம் பின்னால் நான் படித்து அறிந்தது. மிஸ்ஸிக்கு அது ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் படலையைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

"படலை ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. புருஷன்காரன் தூரத்திலை வேலை, இல்லாட்டில் சோம்பேறி. புகை நீலமாய் வருது, நல்லாய்க் காய்ஞ்ச விறகு. யன்னலிலை வெள்ளைத் துணி தொங்குது பார், உள்ளுக்கு ஒரு கைக்குழந்தை இருக்கு. உந்தப் பெட்டை சும்மா நிக்கேல்லை, தேப்பன் வாறானோ எண்டு பாக்கிறாள்." விரல் மெல்ல நகர்ந்து ஹொலிஹொக் தண்டுகளுக்கு இடையில் புகுந்தது. "இஞ்சை பார். பூவுக்குப் பின்னாலை. கோவா!"

நான் அதை நிழல் என்று நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால், சாம்பல் பச்சையில் உருண்டை உருண்டையாக, வரிசையில் கோவா, முட்டைக்கோஸ். பக்கத்தில் அவரைக்கு நட்ட தடிகள்.

"வெளி இலையைப் புழு திண்டிருக்கு. எண்டாலும் இவள் கெட்டிக்காரி. றோட்டாலை போறவனுக்குப் பூவைக் காட்டிப்போட்டு, பின்னாலை சாப்பாட்டை வளக்கிறாள்."

குறடு என் கையிலேயே இருந்தது. மிஸ்ஸி சுவரில் இருந்த மாதாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தாயே, கொஞ்சம் பொறுங்கோ. இதுக்குள்ளை ஆக்கள் இருக்கினம். எழுப்பி அனுப்பேலாது."

இந்த வீட்டுக்கு வருமுன் தங்கிய இரண்டு அகதி நிலையங்களிலும் பெட்டியை அவிழ்க்காமலே இருந்து எழும்பி வந்தவர் அவர். நான் குறட்டைக் கீழே வைத்தேன். படம் மாதாவுக்குப் பக்கத்தில் ஏறியது. மாதா குண்டூசியிலேயே நின்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நூலகம்தான். அங்கே கணகணப்பும் இலவசம், புத்தகமும் இலவசம். இங்கிலாந்து நிலக்காட்சி ஓவியங்கள் அடங்கிய தலையணை போன்ற புத்தகம் ஒன்றை மேசையில் விரித்து வைத்து, மிஸ்ஸி ஓவியர்களுக்குப் புள்ளி போடுவார். படத்தில் முக்கால்வாசி வானமும், மூலையில் நெருப்புப் பெட்டியளவில் ஒரு குடிசையும் இருந்தால் கோபம் வந்துவிடும்.

"வானத்துக்கு இவ்வளவு இடம் குடுத்தவன் குசினிக்கு ஒரு யன்னல் குடுக்கேல்லை."

இன்னொன்றில் பூனைக்குட்டியுடன் ஒரு குழந்தை, சுற்றிவரப் பூ, பூவுக்கு மேல் பூ. நான் அதில் மயங்கிவிட்டேன். மிஸ்ஸி மயங்கவில்லை. "இவன் படலைக்கு வெளியிலை நிண்டு கீறினவன். உள்ளுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லை."

அன்றிலிருந்து உலகத்து ஓவியர்கள் இரண்டே வகை. தேத்தண்ணி குடித்தவன், தேத்தண்ணி குடிக்காதவன். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடத்தில் பாசி வைத்தவன் குடித்தவன். எல்லாப் பூவையும் ஒரே நாளில் பூக்க வைத்தவன் குடிக்காதவன். எங்களுடைய வாக்குவாதம் கூடிப்போய், நூலகப் பெண் வந்து ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். ஓவியத்தைப் பற்றிக் கதைக்கிறோம் என்றேன். அவர் மிகுந்த மரியாதையுடன் விலகிப் போனார்.

என் மகள் பிறந்தது அந்த மாசியில். பிரசவ விடுதியில் என் கட்டிலுக்கு மேல் மஞ்சள் வயல் ஒன்றின் படம் மாட்டியிருந்தது. பார்க்க வந்த மிஸ்ஸி முதலில் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. "இவ்வளவு வயல், வெட்ட ஒரு மனிசரும் இல்லை. தேத்தண்ணி குடியாதவன்," என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார். பிறகு பிள்ளையை வாங்கினார் பாருங்கள், அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்தவள் அந்தக் கையில் கப்பென்று அடங்கிவிட்டாள். அம்மா பக்கத்தில் இல்லையே என்ற என் அழுகையும் அன்றுதான் நின்றது.

இனி ஒரு புல்தரையின் கதைக்கு வருகிறேன்.

மிஸ்ஸியின் குசினி யன்னலுக்குக் கீழே, சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவே, அகலமான புல்தரை. யாரும் அதில் இருப்பதில்லை, பிள்ளைகள் விளையாடுவதில்லை, ஒரு ஆடும் மேய்வதில்லை. பனி கரைந்ததும் மிஸ்ஸி கணவரைக் கேட்டார்: "இஞ்சாருங்கோ, உது ஆரும் பாவியாத நிலம்தானே?"

"ஓம்," என்றார் அவர்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை மிஸ்ஸி மண் கொத்தும் இரவல் முள்ளுடன் இறங்கி, இரண்டு யன்னல் நீளத்துக்குப் புல்லைக் கொத்திப் புரட்டிவிட்டார். அந்த வழியால் போன டேனிஷ்காரர் எல்லாரும் "கோ மோர்ன்" என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். அதைத்தான் அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் அடுத்தவன் காணிக்குள் ஒரு வேலிக் கதியால் தள்ளி நட்டுப் பாருங்கள். கத்தலில் ஊர் கூடும், வேலிச் சண்டை மூன்று தலைமுறைக்கு நீதிமன்றம் ஏறும். இங்கே ஒருவரும் கத்தவில்லை. ஆகவே சொந்தக்காரன் இல்லை. இது யாழ்ப்பாணத்துக் கணக்கு. டென்மார்க்கில் மனிதர்கள் கத்துவதில்லை, கூட்டம் கூட்டுவார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

குடியிருப்பின் பராமரிப்பாளர் சாவிக் கொத்துடன் வந்தபோது கோவாக் கன்றும் வெங்காயமும் மண்ணில் இறங்கிவிட்டிருந்தன. நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டு, இந்தப் புல் எல்லாருக்கும் பொதுவானது என்றார்.

"எல்லாருக்கும் பொது எண்டால் எனக்கும் பங்கிருக்கு. என்ரை பங்கைத்தான் கொத்தினனான் எண்டு சொல்லு," என்றார் மிஸ்ஸி.

நான் அதை, தெரியாமல் செய்துவிட்டோம், மன்னிக்க வேண்டும், நாங்கள் புதியவர்கள் என்று நீட்டி முழக்கிச் சொன்னேன்.

"நான் சொன்னது ரெண்டு வசனம். நீ என்ன சீனி போட்டுப் பாயாசம் காய்ச்சிறாய்?"

மே மாதக் குடியிருப்பாளர் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. அதுவரை அந்த மண்ணைத் தொடக்கூடாது. கூட்டத்தில் மறுத்துவிட்டால் புல் திரும்ப விதைக்கப்படும். பராமரிப்பாளருடன் ஒரு கிழவரும் வந்து நின்றார். எதிர்க் கட்டடத்தில், அது கட்டிய நாளிலிருந்து இருப்பவர். வெள்ளைத் தாடி, கோடு போட்ட தொப்பி. புல்லின் ஒழுங்குக்கு அவர்தான் காவல்.

"இங்கிலாந்துத் தோட்டங்கள் மாதிரிப் பூ வைத்திருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?" என்றார் அவர். "யன்னலுக்குக் கீழே முட்டைக்கோஸ் என்றால் இது மாட்டுப்பட்டியாகிவிடும். அடுத்தது கோழி வரும்."

மொழிபெயர்த்தேன். "கோழி நல்ல யோசினை எண்டு சொல்லு," என்றார் மிஸ்ஸி. அதை நான் சொல்லவில்லை.

அன்று மாலையே குடியிருப்பிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மிஸ்ஸி வீட்டில் கூடிவிட்டன. யாரும் கத்தவில்லை, டென்மார்க் பழக்கம் எங்களையும் தொற்றியிருந்தது. ஆனால் முகங்கள் நல்லாயில்லை.

"ஏன் மிஸ்ஸி தேவையில்லாத வேலை? வந்து ரெண்டு நாள் ஆகேல்லை, எல்லாருக்கும் கெட்ட பேர்."

"இருக்க இடம் தந்தவங்களோடை கொழுவிச் சண்டை பிடிக்கலாமே?"

நானும் சேர்ந்துகொண்டேன். "மிஸ்ஸி, நாங்களே புல்லைத் திருப்பிப் போட்டுவிடுவம். கூட்டத்துக்கு முன்னம் சரிக்கட்டினால் ஒரு கதையும் இல்லை."

மிஸ்ஸி கொஞ்ச நேரம் தன் கோட்டின் கையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகக் கதைத்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இந்தக் கோட்டு தந்தது. கட்டில் தந்தது. யன்னல் சீலை தந்தது. நல்ல சனம், நான் நன்றி மறக்கேல்லை. ஆனால் ரெண்டு வரியமாய் வாங்கிறதைத் தவிர நான் ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. உந்த மண்ணிலைதான் முதல்முதலாய் என்ரை கையாலை ஒண்டு செய்தனான். உதையும் புல்லாக்கினால், நான் இன்னும் படலைக்கு வெளியிலைதான் நிக்கிறன்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, இரண்டு குலுக்குக் குலுக்கவும் தோன்றியது.

மே மாதத்திலும் அங்கே உறைபனி விழும். தொடக்கூடாது என்ற கட்டளையை மிஸ்ஸி எழுத்துக்கு எழுத்து மதித்தார். ஆனால் பொழுது சாயும் நேரம் தன் யன்னல் சீலைகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்க் கன்றுகளை மூடினார். பராமரிப்பாளர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "தொடக்கூடாது எண்டுதானே சொன்னவர். நான் தொடேல்லை, போர்த்திறன்," என்றார் மிஸ்ஸி. இதை நான் சீனி போடாமலே சொன்னேன். அந்த மனிதர் சிரிப்பை அடக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தன்று பொது மண்டபம் நிறைந்துவிட்டது. நீளமேசைகள், கோப்பிக் குடுவைகள், கேக், காகிதத் துவாய்கள். முதலில் சைக்கிள் கொட்டகையைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு உடுப்புத் தோய்க்கும் நேரத்தைப் பற்றி. மிஸ்ஸி கூறைச்சேலை கட்டி, அதன்மேல் அந்தக் கோட்டைப் போட்டு வந்திருந்தார். ஓம் அண்ணையின் மடியில் படுக்கை விரிப்பில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. மாதா படத்தைத்தான் தூக்கி வந்துவிட்டாராக்கும் என்று நான் நடுங்கினேன்.

எங்கள் விடயம் வந்ததும் கிழவர் எழுந்தார். அவர் ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை. புல் எல்லாருடையது, பார்வைக்கு ஒழுங்கு வேண்டும், பூ என்றால் பரவாயில்லை, இங்கிலாந்துக் குடிசைத் தோட்டம் எவ்வளவு அழகு, ஆனால் காய்கறிக்கு வேறு இடம் இருக்கிறது என்றார். பல தலைகள் ஆடின. எனக்கே அவர் சொல்வது நியாயமாகப்பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

கூட்டத் தலைவி எங்களைப் பார்த்தார். நான் எழும்புமுன் மிஸ்ஸி எழுந்துவிட்டார். விரிப்பைக் கழற்றி, கோப்பிக் குடுவைகளுக்கு நடுவே அந்தக் குடிசைப் படத்தை நிமிர்த்தி வைத்தார்.

"நான் சொல்லிறதை அப்பிடியே சொல்லு. சீனி போடாதை."

நான் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. படலை சரிந்து கிடக்கிறது, விறகு காய்ந்தது, உள்ளே கைக்குழந்தை இருக்கிறது, சிறுமி தகப்பனைப் பார்த்து நிற்கிறாள் என்று மிஸ்ஸி ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, நான் அவருக்குப் பின்னால் அந்த நடைபாதையில் நடந்தேன். ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்தவும் மறந்துவிட்டேன். சனம் கோப்பிக் கோப்பையுடன் எழுந்து கிட்ட வந்தது. அப்போது மிஸ்ஸியின் விரல் பூக்களுக்குப் பின்னால் போய் நின்றது. இந்த இடத்தில் அவர் என்னை நம்பவில்லை, டேனிஷில் தானே சொன்னார்.

"கோல்!"

அந்த மொழியில் முட்டைக்கோஸுக்கு அதுதான் சொல். ஒரு பெண்மணி குனிந்து, "அட, ஆமாம்! வெள்ளைக்கோஸ்!" என்று கூவினார். "இது அவரை," என்றார் இன்னொருவர். ஒருவரை ஒருவர் இழுத்து இழுத்துக் காட்டினார்கள். தங்கள் வீட்டிலும் இதேபோல ஒன்று தொங்குகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்றார் தலைவி.

கிழவர் கடைசியாக வந்தார். அவர் கோவாவைப் பார்க்கவில்லை. சட்டத்தின் கீழ் மூலையைத் தொட்டார். அங்கே பொன்முலாம் உடைந்து, யாரோ மண்ணிறத்தில் பூசியிருந்தார்கள்.

"இது நான் பூசியது," என்றார். "என் மனைவி இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது வாங்கியது. அவள் இறந்த பிறகு சந்தைக்குக் கொடுத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் சோபாவுக்கு மேலே தொங்கியது."



"அப்ப கோவாவைக் காணேல்லையோ எண்டு கேள்," என்றார் மிஸ்ஸி.

கேட்டேன். கிழவர் யோசித்தார். "நான் சோபாவில் இருந்தேன். தொலைக்காட்சி எதிர்ப்பக்கம். படத்துக்கு எப்போதும் என் முதுகுதான்."

மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். "அவள் எதிர்க் கதிரையில் இருந்து பின்னுவாள். அந்த வீட்டில் நல்ல சமையல்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று அடிக்கடி சொல்லுவாள். பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன்."

மிஸ்ஸி அவருடைய கையைப் பிடித்தார். "உங்கடை மனிசி உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சவ எண்டு சொல்லு."

அதையும் அப்படியே சொன்னேன். மற்றவர்களுக்கு விளங்கியிருக்காது. கிழவர் தலையாட்டினார்.

வாக்கெடுப்பில் முதல் உயர்ந்த கை கிழவருடையது. அதன் பின்னால் மேசை மேசையாகக் கைகள் எழும்பின. ஓம் அண்ணை இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஆளுக்கு ஒரு கைதான் என்று தலைவி சிரித்தபடி சொல்ல, அவர் "ஓம்" என்றார், கையை இறக்கவில்லை. நடைபாதைப் பக்கம் பூ, சுவர்ப் பக்கம் சாப்பாடு, படத்தில் உள்ளபடியே என்று தீர்மானம் நிறைவேறியது. நாங்கள் வென்றோம். முன்பு முகம் கோணிய அதே தமிழ்க் குடும்பங்கள் வெளியே வந்து மிஸ்ஸியைச் சுற்றி நின்று குதித்தன. சத்தம் போடாமல் வாழ ஆசைப்பட்ட நான், கட்டடத்துக்கெல்லாம் கேட்கக் கூவினேன்.

ஒரு கிழமையில் கிழவர் ஹொலிஹொக் கன்றுகளை ஈரக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். பூக்க அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும் என்றார். மிஸ்ஸி பொறுப்பதாகச் சொல்லி, அதற்குள் ஒரு படலை செய்து தரும்படி கேட்டார். குடியிருப்பு வேலிக்கு அனுமதி தரவில்லை, படலைக்குத் தந்தது. ஆகவே ரண்டர்ஸில் வேலியே இல்லாமல் ஒரு படலை நின்றது. படத்தில் உள்ளது போல ஒரு பக்கம் சரித்தே அதைப் பூட்ட வேண்டும் என்று மிஸ்ஸி பிடிவாதமாக நின்றார், தச்சு வேலை தெரிந்த கிழவர் தலையில் அடித்துக்கொண்டே சரித்துப் பூட்டினார். சுற்றிவரத் திறந்த வெளி. இருந்தும் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படலையைத் திறந்துதான் வந்தார்கள். அந்தக் கோடையிலேயே மற்றக் கீழ்த்தளக்காரரும் முள்ளெடுத்து இறங்கிவிட்டார்கள். குண்டூசியில் நின்ற மாதாவைக் கண்டு கிழவர் மனம் பொறுக்காமல் ஒரு சட்டம் செய்து வந்தார். மாதாவின் காத்திருப்பும் அப்படி முடிந்தது.

அடுத்த ஆண்டு ஆடியில் ஹொலிஹொக் பூக்கள் முதலாம் மாடி யன்னலை எட்டிவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர் வந்தார். வாளியை எடுத்து ஒதுக்கி வைத்தார். கிழவரை ஒதுங்கச் சொன்னார். மிஸ்ஸியையும் மிக மரியாதையாக ஒதுங்கச் சொன்னார். பூ மட்டும் போதும், இங்கிலாந்து ஓவியம் போலவே இருக்கும் என்றார்.

மிஸ்ஸியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "உந்தத் தம்பியை முதலிலை உள்ளுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கச் சொல்லு."

அவர் தேத்தண்ணி குடித்தார். தேங்காய்ப்பூப் போட்ட கோவா வறையும் சோறும் சாப்பிட்டார், இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். பிறகு வெளியே போய், ஒதுக்கி வைத்த வாளியைத் தானே எடுத்து வந்து மிஸ்ஸியின் கையில் கொடுத்தார்.

அந்த வாரம் பத்திரிகை வந்ததும் மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார். மேசையில் விரித்து வைத்திருந்தார். சரிந்த படலை, வரிசையில் பூ, பின்னால் கோவா, அவரைக்குத் தடி கட்டும் கிழவர். குசினி யன்னல் திறந்திருந்தது, அடுப்பில் சட்டி தெரிந்தது. மிஸ்ஸி வழக்கம்போலப் படத்துக்கு மிகக் கிட்டப் போனார். விரல் படலையைத் திறந்து, நடைபாதையால் போய், சட்டியைத் தொட்டது. "தேத்தண்ணி குடிச்சவன்," என்றார். பிறகு விரல் திரும்பி வந்து, நடைபாதை நடுவே வாளியுடன் நின்ற பெண்ணில் நின்றுவிட்டது. வேறு யாரையோ பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உவ சும்மா நிக்கேல்லை," என்றார் கடைசியில். "உவதான் வீட்டுக்காரி."

"ஓம்," என்றார் கணவர்.